முப்பத்தாறு ஊடை

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் நிவேதா போன் செய்தாள். ஆபீசில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள்.

"மேடம், புகார் வாங்குறதுக்கு இனிமே ஆளே கிடையாதாம். மெஷின்தான் பதில் சொல்லப் போகுது. கஸ்டமர் கால் பண்ணதும் முதல்ல என்ன சொல்வாங்கன்னு ஒரு லிஸ்ட் கேக்கறாங்க. நீங்கதான் நிறைய கேட்டிருக்கீங்க. ஒரு ஐம்பது வாக்கியம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

அதற்கென்ன என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நெட் வரல' என்று ஒன்று எழுதினேன். 'நெட் வரவே இல்ல' என்று இரண்டு. மூன்றாவதற்குப் போவதற்குள் வரதன் சார் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் எங்கே எழுதுவது.

என் படிப்பு பெரிய படிப்பில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, ஒரு டிவி ரிப்பேர் கடையில் மூன்று வருடம், நடுவில் கல்யாணம், ஒரு பிள்ளை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இன்டர்நெட் கம்பெனி கிளை திறந்தபோது, போனில் பேசிப் புகார் வாங்க ஆள் கேட்டார்கள், சேர்ந்தேன். கம்பெனி பெயரைச் சொல்லிப் பயனில்லை. நான் இருந்த காலத்திலேயே வாசல் பலகை மூன்று முறை மாறியது. சென்னையில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் கேன்டீன் சாம்பார் தவிர வேறொன்றும் ஞாபகமில்லை. வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்ததெல்லாம் போன் செய்து திட்டியவர்கள்தான்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அப்போது இன்டர்நெட் வீட்டுத் தொலைபேசி வழியாகத்தான் வரும். மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. அது எங்கள் ஆபீஸ் எண்ணுக்கு போன் போடும். இரண்டு பக்கமும் கீச்சென்று பூனைச் சண்டை போல ஒரு சத்தம் கேட்கும். சண்டை ஓய்ந்து சத்தம் நின்றால் இரண்டும் கைகுலுக்கிவிட்டன என்று அர்த்தம். அதற்குப் பிறகு எங்கள் சர்வர் பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும், இரண்டும் சரியாக இருந்தால் உள்ளே விடும். இந்தக் கடைசிப் படியில் தடுக்கி விழுந்தவர்கள்தான் எனக்குப் பாதிக்கு மேல். ஒரு ஜரிகைக் கடைக்காரரிடம், "பாஸ்வேர்டை சின்ன எழுத்துல அடிங்க" என்றேன். அரை மணி கழித்து அவர் திரும்பக் கூப்பிட்டு, "இதுக்கு மேல சின்னதா ஆக்கினா கண்ணுக்கே தெரியலம்மா" என்றார்.

எங்கள் கிளைக்குப் பொறுப்பு வரதன் சார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் மெல்லிய கோடாக ஸ்ரீசூர்ணம், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பதினோரு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். ஒரு நாளும் அவர் குரல் அடுத்த மேஜைக்குக் கேட்டதில்லை. ஆனால் புகார் நோட்டு விஷயத்தில் மட்டும் மனிதர் பிடிவாதக்காரர். நோட்டில் இரண்டு பத்தி. இடப்பக்கம் 'அவர்கள் சொன்னது', வலப்பக்கம் 'நாம் செய்தது'. இடப்பக்கத்தில் அவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை அப்படியே இருக்க வேண்டும். நமக்குப் புரிந்ததை எழுதக் கூடாது. அவர்கள் 'எழவு' என்றால் 'எழவு' என்றே எழுத வேண்டும். நான் சோம்பேறி. சுருக்கித்தான் எழுதுவேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படிப்பார், என் பத்திகள் வரும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஓரிக்கையிலிருந்து ஒருவர் போனை எடுத்ததுமே கத்த ஆரம்பித்தார். நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வைத்தேன். சார் என் மேஜைக்கு வந்தார்.

"உமா, முதல் எழுத்து எப்பவும் வழியில விழுந்துடும்மா. அதுக்காக மல்லுக்கு நிக்கக் கூடாது. மிச்சத்தக் கேளு."

என்ன எழுத்து, எங்கே விழுந்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் ஏதோ சுலோகத்துக்கு அர்த்தம் சொல்கிறார் போலிருக்கிறது என்று தலையை ஆட்டி வைத்தேன்.

ஆனால் மிச்சத்தை அவர் எப்படிக் கேட்பார் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆசிரியர், "உங்க சர்வீஸ் தண்டம், தினமும் கட்டாவுது" என்று ஆறு நாள் சண்டை பிடித்தார். நான் ஆறு நாளும் லைனைச் சோதிக்கச் சொல்லி எழுதினேன். ஏழாம் நாள் சார் போனை வாங்கினார். அந்த மனிதர் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். முடிந்ததும், "தினமும்னு சொன்னேளே, எத்தன மணிக்கு?" என்றார். சாயங்காலம் நாலு மணிக்காம். "நாலு மணிக்கு ஆத்துல யார் இருப்பா?" மனைவி இருப்பாராம். உள்ளறையில் இன்னொரு போன் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அந்த அம்மாள் தினமும் நாலு மணிக்கு அக்காவோடு பேச ரிசீவரை எடுப்பார். அதே லைனில் வேலை செய்துகொண்டிருந்த மோடம் செத்துப் போகும். சண்டை பிடித்தவர் அடுத்த மாதம் கோயில் இட்லி ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் முக்கால்வாசி நான் தின்றேன்.

இப்போது ஐயம்பேட்டைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் தப்பு என்னுடையது.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் ராணி.

"ஐயம்பேட்டையிலருந்து பேசறேன் மேடம். எங்க அண்ணி வூட்டு கம்ப்யூட்டர்ல நாலு நாளா நெட்டு வரமாட்டேங்குதுமா. அண்ணிக்குக் காது கேக்காது, அதான் நான் பேசறேன். சத்தம்லாம் வருதாம், லைட்டும் எரியுதாம். சத்தம் நின்னதுக்கப்புறம் முப்பத்தாறு ஊடை ஓடுதாம், அப்புறம் கட்டாயிடுதாம். எப்பப் போட்டாலும் முப்பத்தாறுதானாம்."

ஊடை என்றால் எனக்குத் தெரியாததல்ல. தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு. அதன் குறுக்கே நூல் சுமந்த நாடாக்கட்டை ஒரு தடவை ஓடினால் ஒரு ஊடை. நான் பிறந்த தெருவில் விடிந்தால் அந்தச் சத்தம்தான். ஆனால் மோடத்துக்கும் ஊடைக்கும் என்ன சம்பந்தம்? நான் என் வழக்கமான கேள்விக்குப் போனேன்.

"கம்ப்யூட்டர் போட்டதும் திரையில என்ன வருது?"

"வாத்து பொம்மை மாதிரி ஒண்ணு குந்திக்கினு இருக்குதும்மா."

வாத்தில்லை, பென்குயின். அந்தச் சின்னம் என்றால் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வைத்திருந்தது விண்டோஸ்தான். லினக்ஸ் பற்றி எங்கள் கையேட்டில் இருந்தது ஒரே வரி: 'நாங்கள் பார்ப்பதில்லை.' எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும்.

"அது பழைய கம்ப்யூட்டர்மா. விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்தேன். இடப்பக்கத்தில் 'லாகின் ஆகவில்லை, லினக்ஸ்' என்றும், வலப்பக்கத்தில் 'வாடிக்கையாளர் கணினிக் கோளாறு' என்றும் எழுதி முடித்தேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

அந்த வாரம் ராணி இன்னும் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் நான் அதையே எழுதினேன். அடுத்த திங்கட்கிழமைதான் சாருக்கு நோட்டைப் படிக்க நேரம் கிடைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு தடவ கூப்பிட்டிருக்கா. என்ன சொன்னா?"

"லாகின் ஆகலையாம் சார்."

"லாகின்னு அவ சொன்னாளா?"

அப்போதுதான் சிரித்துக்கொண்டே ஊடைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் முப்பத்தாறேவா?"

"அப்படித்தான் சார் சொன்னாங்க."

"லைன் மோசம்னா ஒரு நாள் பத்துல விழும், ஒரு நாள் ஐம்பதுல விழும். எப்பவும் ஒரே கணக்குல விழறதுன்னா, அங்க ஏதோ ஒண்ணு காத்துண்டிருந்துட்டு, போதும்னு எழுந்து போறது" என்றார். பிறகு சுவரில் இருந்த காலண்டரிடம் போனார். "முதல் போன் வந்தன்னிக்கு நாலு நாளாச்சுன்னு சொல்லியிருக்கா. இன்னிக்குப் பதினோரு நாள். உமா, நம்ம சர்வர மாத்தி எத்தன நாளாச்சு?"

பதினோரு நாள். மறுபடி எண்ணிப் பார்த்தேன், பதினொன்றேதான்.

அன்றைக்கே மதியம் பஸ் பிடித்து இருவரும் ஐயம்பேட்டைக்குப் போனோம். கையேட்டில் இல்லாத வேலைக்குக் கம்பெனி வண்டி தராது. சாரே இரண்டு டிக்கெட்டும் எடுத்து, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தார்.

அண்ணியின் பெயர் சுந்தரி. ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. கூடத்தில் பாதி இடம் தறிக்கு. தறிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் மேஜை. அதில் பழைய புடவையால் போர்த்திய கம்ப்யூட்டர். மோடம் மட்டும் ஒரு முக்காலியில் தனியாக இருந்தது. நான் உள்ளே போனதும், காது கேட்காதவரிடம் பேசுகிறோம் என்று குரலை உயர்த்தி விசாரித்தேன். சுந்தரி சிரித்துவிட்டு, டிசைன் போடும் கட்டத் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்: 'கத்தினாலும் கேக்காது. நேரா பாத்துப் பேசு, உதடு தெரியணும்.'

சார் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி திரும்பிக்கொண்டார். "சொல்லுங்கோ" என்று மெதுவாக வாயசைத்தார். சுந்தரி எழுதினார். எழுதி முடிக்கும்வரை சார் தாளை எட்டிப் பார்க்கவில்லை.

'இது என் பொண்ணு கலையரசி போட்டுக் குடுத்தது. காலேஜ்ல தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர். சிங்கப்பூர்ல இருக்கா. ஏழாம் மாசம். தினமும் எழுதுவா. பதினோரு நாளா ஒரு வரி இல்ல. ராணிதான் போன்ல பேசிட்டு நல்லா இருக்கான்னு சொல்றா. வாய் சொல்லுது, கண்ணு சொல்லல.'

ராணி சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினால்தான் சுந்தரிக்குப் பேச்சு. கடல் கடந்த பெண்ணோடு பேச அவருக்கு இருந்த ஒரே வாய் அந்தப் பெட்டி. அதை நான் நாலு தடவை வலப்பக்கம் எழுதி மூடியிருக்கிறேன். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

சார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எப்படி எண்ணினேள்னு காட்டுங்கோ" என்றார்.

சுந்தரி கம்ப்யூட்டரில் டயல் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டுத் தறிப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தார். இடது உள்ளங்கையை மோடத்தின் முதுகில் வைத்தார். பூனைச் சண்டை ஆரம்பித்தது. நாங்கள் காதால் கேட்டதை அவர் கையால் கேட்டுக்கொண்டிருந்தார். அதிர்வு நின்ற அந்த நொடியில் கையை எடுத்து நாடாவை ஓட்ட ஆரம்பித்தார். மோடத்தின் பச்சை விளக்கில் ஒரு கண், பாவில் ஒரு கண். முப்பத்தாறாவது ஊடை விழுந்ததும் விளக்கு அணைந்தது. சார் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தைந்து நொடி.

இன்னும் இரண்டு தடவை செய்யச் சொன்னார். நான் வாய்விட்டு எண்ணினேன். முப்பத்தாறு. முப்பத்தாறு.

"இத்தன வருஷத்துல இவ்வளவு சுத்தமா புகார் சொன்னவா யாரும் இல்ல" என்றார் சார், என்னைப் பார்த்து அல்ல, சுந்தரியைப் பார்த்து, தன் உதடு அவருக்குத் தெரியும்படி. சுந்தரி வெட்கப்பட்டுத் தலை குனிந்து, அறுந்த இழை ஒன்றைத் தேடுவதுபோல் பாவைத் தடவினார்.

பிறகு சார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எங்கள் கிளையில் லினக்ஸ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வீட்டில் தானாகவே கற்றுக்கொண்டது. கறுப்புத் திரையைத் திறந்து, கலையரசி எழுதி வைத்திருந்த சின்னக் கட்டளைக் கோப்பை எடுத்தார். எங்கள் சர்வரோடு கம்ப்யூட்டர் நடத்த வேண்டிய உரையாடல் அதில் வரிசையாக இருந்தது. அது இதைக் கேட்டால் நீ இதைச் சொல் என்கிற மாதிரி. அதில் ஒரு வரியில் விரலை வைத்தார். ogin என்று இருந்தது.

"எழுத்துப் பிழை சார். login-ல l விட்டுப்போச்சு" என்றேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

"பிழை இல்லம்மா. வேணும்னுதான் விட்டிருக்கா. லைன் சேர்ந்த முதல் நொடியில இரைச்சல் இருக்கும், முதல் எழுத்து வழியில விழுந்துடும். இல்லன்னா ஒரு சர்வர் பெரிய எழுத்துல கேக்கும், இன்னொண்ணு சின்ன எழுத்துல. அதனால முதல் எழுத்துக்குக் காத்திருக்காதே, மிச்சம் வந்தாப் போதும், பதில் சொல்லுன்னு எழுதறது வழக்கம். இந்தப் பொண்ணு நன்னா எழுதியிருக்கா."

ஓரிக்கைக்காரரிடம் நான் கத்திய நாளில் சார் சொன்னது சுலோகமில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பின்ன ஏன் சார் ஆகல?"

அவர் இன்னொரு கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் என்ன சொன்னது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்தது. பதினோரு நாளாக ஒரே வார்த்தை. Username.

பழைய சர்வர் login என்று கேட்கும். நாங்கள் வைத்த புது சர்வர் அதையே Username என்று கேட்கிறது. விண்டோஸ் வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி பதிலே கிடையாது, அவர்கள் வேறு வழியில் உள்ளே போய்விடுவார்கள். அதனால் ஊரில் ஒருவருக்கும் கோளாறு இல்லை. இந்த வீட்டில் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் ogin, ogin என்று வாசலில் காத்துக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து நொடி காத்திருந்துவிட்டு, கூப்பிடவில்லை என்று திரும்பிக்கொண்டிருந்தது. வாசலில் கேள்வியை மாற்றியது நாங்கள். யாருக்கும் சொல்லவில்லை.

சார் சுந்தரியின் பக்கம் திரும்பினார். "இது உங்க பொண்ணு எழுதினது. ஒரு வார்த்தை மாத்திக்கட்டுமா?"

சுந்தரி தலையசைத்தார். கலையரசியின் வரியை சார் அழிக்கவில்லை. அதன் முன்னால் ஒரு குறி போட்டு அதைத் தூங்க வைத்துவிட்டு, அடியில் அதே வரியை, முன்பாதி விழுந்தாலும் பரவாயில்லை என்று, name என மட்டும் எழுதினார். அவள் ஊருக்கு வந்து பார்த்தால் தெரிய வேண்டுமாம்.

சுந்தரி பொத்தானை அழுத்தினார். தறிக்குப் போகவில்லை, நின்றபடியே மோடத்தில் கை வைத்தார். அதிர்வு நின்றது. அவர் விரல்கள் சேலை மடிப்பில் எண்ண ஆரம்பித்தன. நானும் எண்ணினேன். முப்பத்தாறு போயிற்று. நாற்பது போயிற்று. ஐம்பதில் எண்ணுவதை விட்டுவிட்டேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஒன்பது கடிதங்கள் இறங்கின. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். சுந்தரி வாசிக்க உட்கார்ந்தார். சார் வேண்டுமென்றே எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த நாகரிகம் கிடையாது, தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். குழந்தை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அடுத்ததில், ராணி அத்தையிடம் போனில் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொன்னார்களா என்று இருந்தது. அதற்கடுத்ததில் ஏன் பதில் போடவில்லை என்று. கடைசிக் கடிதம் அன்று காலையில் வந்தது. 'அம்மா, கோவமா? பாப்பாவ எப்படிப் பிடிக்கறதுன்னு கூட எனக்குத் தெரியல. நீ எழுதலன்னா நான் யார்கிட்ட கேப்பேன்?'

சுந்தரி நிமிர்ந்து சமையலறை வாசலைப் பார்த்தார். ராணி அங்கே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொல்லல மேடம். அண்ணி தாங்க மாட்டான்னு நெனச்சேன். உங்களுக்குப் போன் பண்ணுன்னு என்னைப் பக்கத்துல நிக்க வெச்சி, உதட்டையே பாத்துக்கினு இருந்தா. ஒவ்வொரு தடவையும் நெட்டு வந்துடணும்னும் வேண்டிக்கினேன், வரக்கூடாதுன்னும் வேண்டிக்கினேன்."

சுந்தரி அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் வரச் சொல்லிக் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, மற்றக் கையின் ஒற்றை விரலால் பதில் அடித்தார். அவரும் இங்கிலீஷ் எழுத்தில்தான். முதல் எழுத்தில் சரியாக அழுத்தம் விழவில்லை. திரையில் இப்படி வந்தது: 'ம்மா இங்கதான் இருக்கேன். கோவம் இல்ல. கழுத்துக்கு அடியில கைய குடுத்துப் பிடி.'

'அ' விழுந்துவிட்டதே என்று நான் காட்டப் போனேன். ஜன்னலிலிருந்து திரும்பியிருந்த சார் தலையை ஆட்டினார்.

"விடும்மா. அவளுக்குப் புரியும்."

நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ராணி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பதில் வந்துவிட்டதாம். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் கொடுத்துவிட்டார்களாம். அண்ணி சொல்லச் சொன்னாளாம். சார் "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை என்மேல் கோபத்தால் இல்லை.

ஆபீசுக்கு வந்ததும் நானாகவே நோட்டை எடுத்தேன். வலப்பக்கத்தில் நாலு இடத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'கோளாறு நம்முடையது' என்று எழுதினேன். இடப்பக்கத்தில் இருந்த 'லாகின் ஆகவில்லை' என்பதையும் அடித்துவிட்டு, முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்.

நிவேதாவுக்கு நேற்று பட்டியல் அனுப்பிவிட்டேன். ஐம்பது இல்லை, ஒன்றுதான். அவள் உடனே கூப்பிட்டாள். "மேடம், இது என்ன, எனக்கு ஒண்ணுமே புரியலையே" என்றாள். மெஷினுக்கும் புரியாது, தெரியும். நான் அனுப்பியது இதுதான்: 'சத்தம் நின்ற பிறகு முப்பத்தாறு ஊடை ஓடுகிறது. எப்போது போட்டாலும் முப்பத்தாறுதான்.'